மாட்டின் காதும் சந்தையின் கண்ணும்

அருவங்காடு என்றதும் 1903-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலைதான் எவருக்கும் நினைவுக்கு வரும். அதன் மதிலுக்குள் கணக்கில்லாமல் ஒரு துரும்பும் அசையாது என்பார்கள். மதிலுக்கு வெளியே சங்கதி வேறு. ஒற்றைப் பசுவின் பாலை நம்பிக் காலந்தள்ளும் குடும்பங்கள் நீலகிரியெங்கும் இருக்கின்றன. காலையில் அவிழ்த்துவிட்ட மாடு மாலையில் தானே வீடு திரும்பும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. திரும்பாவிட்டால், கொண்டுபோனது புலியா, சிறுத்தையா, இரண்டு கால் பிராணியா என்பதே முதல் கேள்வி. புலியானால் எலும்பாவது மிஞ்சும். கள்ளனோ கயிற்றைக்கூட விட்டுவைப்பதில்லை. கீழே மேட்டுப்பாளையம், கூடலூரைத் தாண்டினால் கேரளம், இன்னொரு பக்கம் கர்நாடகம். லாரியில் ஏறிய மாட்டுக்கு ஓர் இரவு போதும்.

தமிழருக்கு இது புதிய விஷயமன்று. ஆநிரை கவர்தலுக்கு வெட்சி என்றும் மீட்டலுக்குக் கரந்தை என்றும் பெயரிட்டு இலக்கணம் வகுத்தவர்கள் நம் முன்னோர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கையில் இறந்த வீரனுடன் அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்ததைக் கல்லிலே பொறித்திருக்கிறார்கள். பிற்காலத்திலோ வீரம் குறைந்து வியாபாரம் மிகுந்தது. வெள்ளையர் ஆட்சியில் மதுரைச் சீமையில் 'துப்புக்கூலி' என்றொரு வழக்கம் இருந்தது. மாட்டைப் பறிகொடுத்தவன் இடைத்தரகன் ஒருவனிடம் ஏறக்குறைய பாதி விலையைக் கொடுத்தால், மாடு இருக்குமிடம் தெரியவரும். போலீசுக்குப் போவதைக் காட்டிலும் இது சுலபம் என்று ஜனங்கள் கருதினார்கள். இந்தக் காலத்திலும் அவ்விதம் எவரேனும் எண்ணினால் குற்றம் எண்ணுபவர்மேல் மட்டும் அன்று.

நீலகிரித் தோடர்களின் முறையே தனி. பெண் எருமை ஒவ்வொன்றுக்கும் அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இது இன்ன தாயின் வயிற்றில் பிறந்தது என்று வம்சாவளியும் சொல்லுவார்கள். 1906-இல் வெளியான தமது நூலில் ரிவர்ஸ் என்ற ஆங்கில அறிஞர் இதை விரிவாக எழுதினார். தோடர் எருமையைத் திருடி மற்றொரு தோடரிடம் விற்க முயன்றால், திருடன் விலை பேசுமுன் அதன் பாட்டி பெயரைக் கேட்டிருப்பார்கள்!

ஆனால், நூறு மாடு கட்டிய பண்ணையிலே, மாதந்தோறும் ஆள் மாறும் கொட்டகையிலே, பாட்டி பெயர் யாருக்குத் தெரியும்? அங்கே காலை மாலை எண்ணிக்கையும், பிறப்பு இறப்பு விற்பனை எழுதிய புத்தகமும்தான் கதி. சர்க்கார் தரும் மஞ்சள் காதுவில்லையும் உண்டு. அதில் 12 இலக்க எண் பொறித்திருக்கும். 2019-இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில், தடுப்பூசி போடும் மாடுகளுக்கெல்லாம் இந்த வில்லை வந்தது. நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. எனினும் ஒரு கத்தரிக்கோலுக்கு முன் அது எம்மாத்திரம்? மாடு கைமாறும்போது பதிவேட்டில் பெயர் மாறவில்லையென்றால், வில்லை வெறும் காதணிதான்.

இங்கிலாந்தில் பித்து மாட்டு நோய்க்குப் பிறகு, 1996 முதல் மாட்டுக்குப் பாஸ்போர்ட்டே கொடுத்தார்கள். நம்மில் பலருக்கு இன்னும் கிடைக்காத பாக்கியம்! ஆஸ்திரேலியாவில் 2005 முதல் மாடுகளுக்கு மின்னணுக் காதுவில்லை கட்டாயம். அங்கெல்லாம் திருட்டு அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆயினும், அடையாளமற்ற மாட்டைச் சந்தையிலும் இறைச்சிக்கூடத்திலும் தள்ளிவிடுவது எளிதன்று.

நம் நாட்டில் குறைவாக இருப்பது இந்த இடத்திலேதான். மலையிலே காவல் போட்டு மாளாது. பொள்ளாச்சி போன்ற பெரிய சந்தைகளின் வாயிலில், வில்லை எண்ணைப் படித்து உடையவர் பெயரை ஒத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். காதில் புதுக் கிழிசலோடு வரும் மாட்டை நிறுத்தி வைக்கும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். அதுவரையில் மாடு வைத்திருக்கும் நேயர்கள், வில்லை எண்ணை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, மாட்டின் முகத்தையும் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து வைக்கலாம். மனிதனின் கைரேகை போல மாட்டின் மூக்கு ரேகையும் ஒன்றைப்போல் ஒன்று இராது. ஆகவே மூக்கை நெருங்கி ஒரு படம் அவசியம். எடுக்கும்போது மாடு நாக்கை நீட்டாமல் இருக்க, இன்னொருவர் கையில் கொஞ்சம் புல் இருப்பது நலம்.