எழுத்தாளர் மகாநாடா? தரிசன மண்டபமா?

எழுத்தாளர் மகாநாடு என்பதாக நம் நாட்டில் அடிக்கடி கூட்டங்கள் கூட்டப்படுகின்றன. எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் நேரில் கண்டு பேசுவது நல்ல காரியமே. ஆனால், அங்கு நடப்பதைப் பார்த்தால் தேர்த் திருவிழாவுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மேடையில் ஒரு பெரியவர், கழுத்தில் மாலை, கீழே வரிசையாக நின்று காலைத் தொட்டுக் கும்பிடும் வாலிபர்கள், பிறகு ஒரு போட்டோ. சுவாமிக்குப் பதில் எழுத்தாளர், விபூதிக்குப் பதில் கையெழுத்து என்பதைத் தவிர இதில் என்ன மாறுதல் கண்டோம்?

அரியலூர் ஜில்லா ஆலத்தியூரிலிருந்து எழுத்தில் ஆசை கொண்ட ஒரு வாலிபர் சென்னை மகாநாட்டிற்குப் போகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் சிமெண்டு ஆலையில் கூலிக்கு இருப்பவரானால் இரண்டு நாள் கூலி போகும். அரியலூருக்குப் பஸ், அங்கிருந்து ரயில், சாப்பாடு என்று கைப்பணமும் கரையும். இவ்வளவும் ஒருவர் காலில் விழுவதற்குத்தானா?

அந்த வாலிபர் வெறுங்கையோடு போகிறவரல்ல. அவர் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் கடற் சிப்பிகள் கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் அங்கு கடல் இருந்ததென்பதற்கு, எந்தப் புராணத்தின் தயவும் வேண்டாத சாட்சி அது. அந்தக் கல்லை வெட்டுகிறவன் பாடும், அதற்கு நிலத்தைக் கொடுத்தவன் பாடும் அவருக்குத் தெரியும். மேடையில் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே, கற்றுக்கொள்ள வேண்டியவர் கீழே நிற்பவர் மாத்திரமல்ல.

"அப்படியானால் பெரியவர்களுக்கு மரியாதை வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். வேண்டும். மரியாதை வேறு, அடிமைப் புத்தி வேறு. புதுவையில் ஒரு கலியாண வீட்டில் சுப்பிரமணிய பாரதியாரை நேரில் கண்டு பழக்கம் கொண்டவர் கனகசுப்புரத்தினம். அவர் தம் பெயரையே பாரதிதாசன் என்று மாற்றிக் கொண்டார். "தாசன்" என்ற சொல் நமக்குப் பிடிக்காதுதான். ஆனால், அவர் எடுத்துக் கொண்டது பாரதியாரின் எளிய நடையையும் வேகத்தையுமே. பராசக்தியை அவரிடமே விட்டுவிட்டு நாஸ்திகக் கவியானார். பெயரில் தாசன், புத்தியில் தாசனல்ல.

இன்னொன்று சொல்வோம். 1934ல் திருப்பூரில் நடந்த வாலிபர் மகாநாட்டில்தான் காஞ்சிபுரத்து அண்ணாதுரை பெரியாரை முதன் முதலாகச் சந்தித்தார். பெரியார் அவருக்கு ஆசீர்வாதம் செய்யவில்லை. படிப்பு முடிந்து என்ன செய்யப் போகிறீர், உத்தியோகமா என்று விசாரித்தார். பொது வாழ்வே தம் விருப்பம் என்றார் வாலிபர். பிறகு பெரியாரின் பத்திரிகைகளில் இருந்து எழுதினார். 1949ல் அபிப்பிராய பேதம் வந்தது, பிரிந்தார். 1967ல் தேர்தலில் ஜெயித்தவுடன் திருச்சிக்குச் சென்று பெரியாரையே கண்டார். பதினெட்டு வருஷப் பிரிவிலும் அறுந்து போகாத சம்பந்தம் காலில் விழுந்து உண்டானதா? ஒருவர் கேட்டு மற்றவர் பதில் சொன்னதில் உண்டானதல்லவா?

வெளியூர் சங்கதியும் பார்ப்போம். 1936 ஏப்ரலில் லக்னோவில் கூடிய முற்போக்கு எழுத்தாளர் மகாநாட்டில் தலைமை வகித்த பிரேம்சந்த், அழகு என்பதற்கு நாம் வைத்திருக்கும் அளவுகோலையே மாற்ற வேண்டும் என்றார். அவ்வருஷம் அக்டோபரில் அவர் இறந்து போனார். அவருக்கு விழுந்த மாலைகளை இன்று யார் நினைக்கிறார்கள்? அவர் கிளப்பிய பிரச்சினைதான் நிற்கிறது.

1929ல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு, ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டுமென்று தீர்மானித்தது. இன்று எழுத்துலகில் "குருநாதர்", "சிஷ்யர்" என்று புதிய பட்டங்கள் முளைத்திருக்கின்றன. இவையும் அந்தக் குப்பையிலேயே சேர வேண்டியவை.

ஆகவே, மகாநாடு கூட்டுகிறவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். பிரசங்கத்திற்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியைக் கேள்விக்கு ஒதுக்குங்கள். மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் பணத்தைக் கிராமத்து வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் ரயில் சத்தமாகக் கொடுங்கள். ஒரு வருஷமாவது ஆலத்தியூர் போன்ற ஊரில் கூடுங்கள். மேடைக்காரர்கள் பஸ் ஏறி வரட்டும்.

வாலிபத் தோழர்களே! பெரிய எழுத்தாளரைக் காணப் போகும்போது தேங்காய் பழம் வேண்டாம். அவர் எழுதியதில் உங்களுக்கு ஒப்பாத ஓர் இடத்தைக் குறித்துக் கொண்டு போங்கள். அதை அவரிடமே கேளுங்கள். நின்று பதில் சொல்கிறவர் உங்களுக்கு ஆசிரியர். முகம் சுளிக்கிறவர் இன்னொரு பூசாரி, அவ்வளவே.