வளைந்த முதுகும் நீட்டிய விரலும்

நிமிர்ந்து நிற்பதற்கென்றே மனிதனுக்கு முதுகெலும்பு வாய்த்தது. அதனை வளைப்பதற்கென்றே சில சமுதாயங்கள் சட்டம் செய்தன; சட்டம் செய்ய இயலாத இடங்களில் வழக்கம் என்று பெயரிட்டன. தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கவேண்டும். காலில் கிடக்கும் செருப்பு கைக்கு ஏறவேண்டும். கைகட்டி, வாய்பொத்தி, எட்ட நின்று பேசவேண்டும். ஓலையில் எழுதிய அடிமை முறிகள் கரையானுக்கு இரையாகிவிட்டன. உடலின்மீது எழுதிய முறி மட்டும் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டு வந்தது. விடுதலையின் முதலெழுத்தும் உடலின்மீதே எழுதப்படுவதில் வியப்பென்ன?

ஜவ்வாது மலைமேல் உள்ள நெல்லிவாசல்நாட்டுக்கும், கடல் கடந்த மெக்சிகோ நகரத்து விளையாட்டு மேடைக்கும் என்ன உறவு என்று கேட்பார் உண்டு. உறவு உண்டு, தோழர்களே! இங்கே வளைக்கப்பட்ட முதுகும் அங்கே வளைக்கப்பட்ட முதுகும் ஒரே நோவை அறிந்தவை.

1968 அக்டோபர் 16. ஒலிம்பிக் பந்தயத்தின் 200 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த டாமி ஸ்மித்தும், மூன்றாவதாக வந்த ஜான் கார்லோசும் அமெரிக்க நாட்டின் கறுப்பின இளைஞர்கள். காலணி களைந்து, கறுப்புக் காலுறையோடு அவர்கள் மேடை ஏறினர். நாட்டுப்பண் முழங்கியபோது தலை தாழ்ந்தது. கறுப்புக் கையுறை அணிந்த முட்டி வான்நோக்கி உயர்ந்தது. ஒரு சொல்லும் உதிர்க்கவில்லை. காலணியற்ற கால் தம் மக்களின் வறுமையைச் சொல்லிற்று. உயர்ந்த கை அவர்களின் வலிமையைச் சொல்லிற்று. பரிசு என்ன? அணியினின்றும் விலக்கப்பட்டனர்; ஊர் திரும்பியபின் மிரட்டலுக்கும் இன்னலுக்கும் ஆளாயினர். இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன் கை உயர்த்தவில்லை. ஆயினும் மனித உரிமைச் சின்னத்தைத் தம் நெஞ்சில் அணிந்து அவர்களோடு நின்றார். பாதிக்கப்படாதவன் செய்யவேண்டியது யாது என்ற கேள்விக்கு அந்தச் சிறு சின்னம் ஒரு விடை.

இது கறுப்பு வெள்ளைச் சிக்கல், நமக்கு இதில் என்ன என்று எவரும் ஒதுங்கிவிட வேண்டாம். மார்பை மறைத்துத் தோளில் சீலை அணிந்தாள் என்பதற்காகவே பெண்ணின் ஆடை கிழிக்கப்பட்ட மண் நம்முடையது. அன்றைய திருவிதாங்கூரின் தென்கோடியில், இன்றைய குமரி மாவட்டத்தில், சாணார் எனப்பட்ட நாடார் குலப் பெண்கள் பல்லாண்டு அடியும் அவமானமும் பட்ட பின்னரே 1859 ஜூலை 26இல் மன்னரின் அறிக்கை வந்தது. அப்போதும் "மேல்சாதிப் பெண்களைப் போல் அணியலாகாது" என்ற வரம்பு அதில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஒரு முழத் துணி! அதனைத் தோளில் இடுவதே ஒரு கிளர்ச்சி என்றால், ஆதிக்கம் எவ்வளவு நுணுக்கமாக உடலை அளந்து வைத்திருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

2021 அக்டோபர் 24இல் துபாய் மைதானத்தில் இந்தியக் கிரிக்கெட் அணியினர் நிறவெறிக்கு எதிராக ஒரு காலை மடித்து மண்டியிட்டனர். நல்லது, அதனைக் குறை கூற வரவில்லை. ஆனால் அதற்கு ஓராண்டு முன்புதான், 2020 அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் படம் ஒன்று நாடெங்கும் வலம் வந்தது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்த தலைவர், தாழ்த்தப்பட்ட குலத்தவர் என்ற ஒரே காரணத்தால் தரையில் அமர்த்தப்பட்டிருந்தார், மற்றவர்கள் நாற்காலியில்! அந்தத் தரைக்காக எந்த மைதானத்தில் எந்த முழங்கால் மடிந்தது? தொலைவில் உள்ள அநீதிக்கு மண்டியிடுவது எளிது. அடுத்த தெருவின் அநீதிக்கு எழுந்து நிற்பதே அரிது. ஒரு சைகையின் எடையை அறிய வேண்டுமா? அதைச் செய்தவன் எதை இழக்கத் துணிந்தான் என்று கேளுங்கள், விடை கிடைத்துவிடும்.

அத்தகைய எடைமிக்க சைகை ஒன்றை நம் மலைமக்களே தந்திருக்கிறார்கள். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியின் உறவினரே தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி மக்கள். 1992 ஜூன் 20இல் சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூருக்குள் புகுந்தனர். ஊரார் ஆலமரத்தடிக்கு இழுத்துவரப்பட்டு அடிக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். அந்தப் பெண்கள் தலைகுனிந்து ஒடுங்கிவிடுவர் என்றே கொடுமை செய்தவர்கள் கணக்கிட்டனர். கணக்குப் பொய்த்தது! சீருடை அணிந்தோரை நேருக்கு நேர் பார்த்து, "இவர்தான்" என்று அடையாளம் காட்டினர் அப்பெண்கள். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்றது. அவர்களுள் உயிரோடிருந்த 215 பேருக்குத் தண்டனை விதித்தது. 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. முட்டி உயரவில்லை, முழங்கால் மடியவில்லை. ஒரு சுட்டுவிரல் நீண்டது. முப்பதாண்டுக்கும் மேலாக அது மடங்கவில்லை.

இனி நம் கடமைக்கு வருவோம். நெல்லிவாசல்நாடு, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு என்று பெயரிலேயே நாட்டைத் தாங்கியவை அம்மலையூர்கள். அங்கிருந்து நிலத்துக்கும் சாலைக்கும் சாதிச் சான்றுக்கும் மனு ஏந்தித் திருப்பத்தூருக்கு இறங்கிவரும் மலைமகனை எந்த அலுவலகமேனும் நிறுத்தி வைத்தே பேசுமானால், அவன் "சாமி" என்று குனிவதை மரியாதை என்று ஏற்குமானால், 2006இல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம் ஏட்டில் இருந்து பயன் என்ன? உரிமை கேட்க வந்தவனை இரவலன்போல் நடத்தும் இடத்தில் சட்டத்தின் எழுத்து செத்துப்போகிறது.

பெரிய செயல் எதனையும் நாம் கேட்கவில்லை. மேசைக்கு இப்புறம் ஒரு நாற்காலி போடுங்கள். "உட்காருங்கள் ஐயா" என்று சொல்லுங்கள். அவர் அமர்ந்த பிறகு மனுவைப் படியுங்கள். அமர்ந்தவர் கண்ணை நோக்கிப் பேசுவார். பேசியது நடக்காவிடில் மறுநாளும் வந்து காரணம் கேட்பார். அந்த நாற்காலியை எவரேனும் மறுத்தால், பக்கத்தில் அமர்ந்திருக்கும் நாம் எழுந்து நம் நாற்காலியைக் கொடுப்போம். அதற்கு மேடை வேண்டாம், கையுறை வேண்டாம். கொஞ்சம் முதுகெலும்பு போதும்.