மன்னிப்பா? வசூலா?

வியாபாரம் செய்யும் சகோதரர்களே! ஒருவர் உங்களிடம் பத்தாயிரம் ரூபாய் கடன்பட்டிருக்கிறார். அவரால் கட்ட முடியவில்லை. அவருக்காக வேறொருவர் வந்து முழுத் தொகையையும் எண்ணி வைக்கிறார். அதை வாங்கிக் கல்லாவில் போட்டுக் கொண்டு, 'நான் கடனை மன்னித்து விட்டேன்' என்று சொல்வீர்களா? சொன்னால் கடைத்தெரு சிரிக்காதா? அது வசூல், மன்னிப்பு அல்ல.

கிறித்தவ சபைகள் பலவும் போதிக்கும் பாவமன்னிப்புக் கொள்கை இங்கேதான் இடறுகிறது. மனிதன் பாவி, இறைவனுக்குப் பட்ட கடனை அவனால் அடைக்க முடியாது, எனவே இயேசு சிலுவையில் உயிரைக் கொடுத்து அடைத்தார் என்கிறார்கள். கேன்டர்பரி பேராயர் அன்செல்ம், தேவன் ஏன் மனிதனாக வேண்டும் என்பதற்கு வாதங்களை அடுக்கி 1098-இல் ஒரு நூலையே எழுதி முடித்தார்.

இதை எதிர்த்துக் கேட்டவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்லர். இத்தாலியில் பிறந்த ஃபாஸ்டஸ் சொசினஸ் என்ற கிறித்தவ அறிஞர், ஈடு வாங்கிய பிறகு மன்னிப்பு ஏது என்று 1594-இல் வெளியிட்ட நூலில் கேட்டார். இத்தகைய கருத்துகளுக்காக 1598-இல் போலந்தின் கிராக்கோ நகரில் ஒரு கும்பல் அவரைத் தெருவில் இழுத்துச் சென்றது. அவருடைய நூல்களைக் கொளுத்தியது.

'இறைவன் நீதியாளன், தண்டனை இல்லாமல் விட முடியாது' என்கிறார்கள். குற்றவாளியை விட்டு விட்டுக் குற்றமற்றவரைத் தண்டிப்பது எந்த ஊர் நீதி? 'இறைவனே தன் அன்பினால் கட்டினான்' என்கிறார்கள். தானே கட்டித் தானே பெறும் இந்த வரவு செலவு எதற்கு? நேரடியாகத் தள்ளுபடி செய்தால் அவனைத் தடுப்பவர் யார்?

பைபிளையே புரட்டுங்கள். மத்தேயு 18-இல் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் கெஞ்சுகிறான். அரசன் இரங்கி விட்டு விடுகிறான். ஜாமீன்தாரர் யாரும் வரவில்லை. லூக்கா 15-இல் சொத்தை அழித்து விட்டுத் திரும்பிய மகனைத் தந்தை ஓடிப்போய்க் கட்டிக் கொள்கிறார். மூத்த மகனை அடித்து விட்டா இளையவனைச் சேர்த்துக் கொண்டார்? ஒருவர் பாவத்தை மற்றவர் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 சொல்கிறது. திருக்குர்ஆனும் (6:164) அதையே சொல்கிறது. அல்லாஹ் பாவங்கள் அனைத்தையும் மன்னிப்பவன், அவன் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்றும் (39:53) அழைக்கிறது. இடையில் யாருடைய இரத்தமும் தேவையில்லை.

இதைப் படித்து விட்டு நாம் மார்தட்டவும் வேண்டாம். எடையில் குறைத்து, கூட்டாளியின் பங்கை விழுங்கி விட்டு, ஹஜ்ஜுக்குப் போய் வந்தால் கழிந்து விடும் என்று எண்ணுவோர் நம்மிலும் இல்லையா? அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அவனிடம் அழுது கேட்கலாம். அடியாரின் உரிமையைப் பறித்திருந்தால் அவரிடமே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அல்லது அவர் மனமாற விட்டுத் தர வேண்டும். நம் கையால் தீர்க்க வேண்டியதை வேறொருவர் தலையில் ஏற்றும் வேலை மார்க்கத்தில் இல்லை.

இளைஞர்களே! கிறித்தவ நண்பர்களிடம் இந்தக் கேள்விகளை அழகிய முறையில் வையுங்கள். ஏச வேண்டாம், இழிவாகப் பேச வேண்டாம். போவதற்கு முன் உங்கள் கணக்குப் புத்தகத்தில் யாருக்காவது பாக்கி நிற்கிறதா என்று பார்த்துத் தீர்த்து விட்டுப் போங்கள்.