பல்பொடியும் அகத்தூண்டுதலும்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு கட்டுரையை அனுப்பிவைத்தார். வரைகலை வடிவமைப்பாளர்கள் தங்கள் படைப்பூக்கம் வற்றாமல் பார்த்துக்கொள்ளப் பத்து வழிகள். காலையில் நடக்க வேண்டுமாம். காப்பிக் கடையில் உட்கார்ந்து மனிதர்களை வேடிக்கை பார்க்க வேண்டுமாம். மேசையை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிறர் செய்த நல்ல வேலைகளை இணையத்தில் தேடியெடுத்து ஒரு பலகையில் ஒட்டிவைத்துக்கொண்டு, சோர்வு தட்டும்போதெல்லாம் அதைப் பார்த்துப் புத்துயிர் பெற வேண்டுமாம். நண்பர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அட்டைப்பெட்டி அச்சிடும் ஆலை ஒன்றில் வடிவமைப்பாளர். கட்டுரைக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "நடக்கிறதுன்னா எந்தப் பக்கம் நடக்கட்டும்? இந்தப் பக்கம் ரோலிங் மில், அந்தப் பக்கம் லாரி ஸ்டாண்டு."

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் இந்த அறிவுரைகளை வெறும் அசட்டுத்தனம் என்று ஒதுக்க முடியாதபடி அவை நம் அலுவலகங்களில் சட்டமாகிவிட்டன. ஆலைக்கு வருமுன் நண்பர் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருந்தார். அங்கே எந்த வேலையும் இருபது மாதிரிப் படங்களைச் சேகரிப்பதில்தான் தொடங்கும். பின்டரெஸ்டிலிருந்து பத்து, பிஹான்ஸிலிருந்து பத்து. வாடிக்கையாளர் அவற்றில் மூன்றைச் சுட்டிக்காட்டுவார். அந்த மூன்றையும் கலந்து நான்காவதாக ஒன்று செய்து தரவேண்டும். கடலூரில் இருந்து வரும் மிளகாய்த்தூளுக்கும் கனடாவில் விற்கும் சோப்புக்கும் ஒரே முகம் எப்படி வந்தது என்று வியப்பவர்கள் இனி வியக்க வேண்டியதில்லை. இதற்குத்தான் அகத்தூண்டுதல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் அகராதியில் இதற்கு வேறு சொல் இருக்கிறது. இலக்கியத் தளத்தில் எழுத வேண்டாம் என்று விடுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வடிவமைப்பாளருக்கு ஊக்கம் தருபவை அவர் கையாளும் பொருளின் பிடிவாதமும் அதைப் படிக்கப்போகிற மனிதரின் தேவையும். இந்த இரண்டிடமிருந்தும் அவரைப் பிரித்துத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, பிறகு "உன் படைப்பூக்கம் ஏன் வற்றிவிட்டது" என்று பயிலரங்கு நடத்துவது, மீனைக் கரையில் போட்டுவிட்டு அதற்கு மூச்சுப்பயிற்சி சொல்லித்தருவது போன்றது.

பல்பொடிக்கு வருகிறேன். நண்பரின் ஆலைக்குப் பல்பொடிப் பெட்டி ஒன்று அச்சுக்கு வந்தது. சின்ன டப்பாக்களை நூறு நூறாக அடுக்கி அனுப்பும் வெளிப்பெட்டி. கரகேட்டட் அட்டை, ஃப்ளெக்ஸோ அச்சு, இரண்டே நிறம். முதல் ஐந்நூறு பெட்டிகள் இறங்கிய பிறகுதான் யாரோ கவனித்தார்கள். பெட்டியின் நான்கு பக்கமும் 'பலபொடி' என்று இருந்தது. கோப்பில் பிழையில்லை. திரையில் 'பல்பொடி' என்றுதான் நின்றது. புள்ளி அச்சில் காணாமற்போயிருந்தது.

இதன் காரணத்தை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். ஃப்ளெக்ஸோவில் எழுத்து ஒரு மெத்தென்ற பாலிமர் தகட்டில் புடைத்து நிற்கும். அது மையைத் தொட்டு அட்டையில் அழுந்தும்போது மை நாலாபுறமும் சற்றே பரவும். அட்டையோ வழவழப்பில்லாதது, மையை உறிஞ்சுவது. பரவுகிற மை முதலில் விழுங்குவது மிகச் சிறிய இடைவெளிகளை. தமிழில் அந்த இடைவெளி மெய்யெழுத்தின் தலைக்கும் அதன்மேல் நிற்கும் புள்ளிக்கும் நடுவே இருக்கிறது. போதாக்குறைக்கு, தகட்டில் துணையில்லாமல் தனித்து நிற்கும் சிறு புள்ளி சரியாகப் பதியாமலும் போகும், ஓட்டத்தில் தேய்ந்தும் போகும். ரோமன் எழுத்தில் 'ஐ'யின் தலைப்புள்ளி போனால் யாரும் தடுமாறமாட்டார்கள். நமக்குப் புள்ளி போனால் சொல்லே போயிற்று.

அச்சு இயந்திரத்தை ஓட்டும் மூத்த தொழிலாளி நண்பரைக் கூப்பிட்டு, "தம்பி, ஒருநாள் கீழ வந்து நின்னு பாருங்க. மேலேருந்து புள்ளி வருது, இங்க வந்தா காணோம்" என்றிருக்கிறார். நண்பர் ஒருநாள் முழுக்கப் போய் நின்றார். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். மை எவ்வளவு பரவுகிறது என்பது கையில் பிடிபட்டதும் எழுத்தைத் திருத்தினார். கோடுகளை மெலிதாக்கினார், பரவும் மை அவற்றைத் தடிக்கவைத்துக்கொள்ளட்டும் என்று. வளையப் புள்ளியை எடுத்துவிட்டுக் கெட்டியான புள்ளியாகப் போட்டு, அதைப் பெரிதாக்கி, எழுத்திலிருந்து எட்டவைத்தார். 'ல'வின் சுழியைத் திறந்துவிட்டார். அப்படிச் செய்ததில் அந்தச் சொல்லுக்கு இதுவரை எங்கும் பார்த்திராத ஒரு முகம் வந்துவிட்டது: தலைக்குமேல் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கப்போகிறவனைப் போல ஒரு 'ல்'. பல்பொடிக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தன் டப்பாவிலும் அதே எழுத்தைப் போடச் சொன்னார். இருபது மாதிரிப் படங்களில் எதிலும் அந்த 'ல்' கிடைத்திருக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் திருவாலங்காடு இருக்கிறது. காரைக்கால் அம்மையாரின் ஊர் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1905இல் அங்கே கிடைத்த செப்பேட்டுத் தொகுதி முதலாம் இராசேந்திரன் காலத்தது. 31 ஏடுகள், வடமொழிப் பகுதி கிரந்தத்தில், தமிழ்ப் பகுதி தமிழில். சோழர்காலக் கல்லிலும் செம்பிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும் எழுதுகிறவர்கள் விட்டுவிட்டார்கள். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் கிழியும் என்ற அச்சத்தில் தொடங்கிய பழக்கம் இது என்பது பரவலான விளக்கம். ஆக, பொருளின் பிடிவாதம் அன்றும் இருந்தது. அன்றைய எழுத்தர் அதற்குப் பணிந்து புள்ளியை விட்டார். அவரால் விட முடிந்தது, ஏனென்றால் அவருடைய வாசகர் பயிற்சி பெற்ற ஒரு சிலர். புள்ளி இல்லாமலேயே படித்துவிடுவார்கள். நண்பரின் வாசகர்களில் கிடங்கில் மூட்டை இறக்குகிறவரும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் உண்டு. ஆகவே அவர் விட முடியாது. ஒரே சிக்கல், வாசகர் மாறியதால் விடை மாறியது. வடிவமைப்பு என்ற தொழிலின் சாரமே எனக்கு இதில் இருப்பதாகப் படுகிறது.

அந்தச் செப்பேட்டின் வளையத்தைப் பூட்டும் முத்திரையையும் பார்க்கவேண்டும். புலி, இரட்டைக் கயல், வில், மேலே குடை, கவரி. சுற்றிலும் எழுத்து. சோழனின் புலிக்குப் பக்கத்தில் பாண்டியனின் மீனும் சேரனின் வில்லும் வந்து நிற்பது, எழுத்தறியாதவனுக்கும் புரிகிற அரசியல் அறிக்கை. ஒரு சின்ன வட்டத்துக்குள் வார்ப்பில் என்ன நிற்கும், எது மழுங்கும் என்று தெரிந்த கம்மியன் செய்த வேலை அது. அவனுடைய பெயர் நமக்குத் தெரியாது. அவன் காலையில் நடந்தானா என்பதும் தெரியாது.

ஆலங்காட்டைச் சொன்னதும் சிலர் உற்சாகமாகிவிடுவார்கள் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. "ஆமாம், நம் மரபிலிருந்து எடுக்க வேண்டும்" என்று கிளம்பி, கோபுரத்தையும் கோலத்தையும் வெட்டி ஒட்டி, மூலையில் ஒரு வாழைமரத்தை நிறுத்துவார்கள். அது இன்னொரு பின்டரெஸ்ட். மூலவர் மாறினார், பூசை மாறவில்லை. முத்திரையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது புலியை அல்ல.

பொன்னேரியில் ரயிலிறங்கிப் பேருந்து பிடித்தால் பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததே சுற்றுப்புறத்துத் தறிகளின் துணிக்காகத்தான். அந்தத் துணியைக் கொடுத்துக் கிழக்குத் தீவுகளில் வாசனைப் பொருள் வாங்கினார்கள். மலாய் மொழியில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்குப் பெயர் 'காயின் பெலிக்காட்', பழவேற்காட்டுத் துணி. இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நெசவாளியிடம் இருப்பது பாவும் ஊடையும் மட்டும். நிறம் குறுக்கே ஓடலாம், நெடுக்கே ஓடலாம், வேறெங்கும் போக முடியாது. அந்தச் சிறைக்குள் நூற்றாண்டுக் கணக்கில் புதிதுபுதிதாகக் கட்டம் பிறந்திருக்கிறது. சென்னைக் கரையிலிருந்து கப்பலேறிய கட்டத்துணி நைஜீரியாவின் கலபாரி மக்களிடம் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் செய்தது இன்னும் வியப்பானது. துணியின் சில நூல்களை மட்டும் கத்தியால் அறுத்து உருவி எடுத்து, எஞ்சியதில் ஒரு புதிய வடிவத்தைக் கண்டார்கள். 'பெலெட்டே பிட்டே' என்று அதற்குப் பெயர். கட்டத்தைப் பார்த்து இன்னொரு கட்டம் வரைவதற்கு யாராலும் முடியும். துணியைக் கையிலெடுத்து நூலின் போக்கை அறிந்தவர்களால்தான் இது முடியும்.

இங்கே ஒரு கேள்வி எழும். பழைய கதையெல்லாம் சரி, மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஒருவர் அலுவலகத்தில் உயிர்ப்போடு இருப்பதற்கு நம் காலத்தில் முன்னுதாரணம் உண்டா? உண்டு. அதுவும் ஓர் அரசு அலுவலகத்தில். 1950களில் மைய அரசு தொடங்கிய நெசவாளர் சேவை மையங்களில் ஓவியர்கள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டார்கள். பம்பாயில் கே.ஜி. சுப்ரமணியன், வாராணசியில் பிரபாகர் பர்வே, சென்னையில் ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம். தறிக்காரருக்கு அருகில் உட்கார்ந்து, கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, இந்த நூலில் இது ஏறும், இது ஏறாது என்று தெரிந்துகொள்ளும் வேலை. கோப்பும் வருகைப்பதிவும் இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தும் அங்கிருந்தவர்கள் பட்டுப்போகவில்லை.

ஆதிமூலத்தை (1938-2008) நம் வாசகர்கள் வேறுவிதமாக அறிவார்கள். சிறுபத்திரிகைகளின் தலைப்பெழுத்து, நூல் அட்டைகள், காந்தி கோட்டோவியங்கள், கி. ராஜநாராயணனின் கரிசல் தொடருக்கு வரைந்த படங்கள். தமிழ் எழுத்தை அவர் கையாண்ட விதத்தில், கோடு எங்கே தடிக்க வேண்டும், எங்கே முறிய வேண்டும் என்பதில், ஒரு நெசவறிவு இருப்பதாகவே நான் பார்க்கிறேன். வெற்றிடத்தையும் ஒரு நூலாக எண்ணுகிறவரின் கை அது. அவருக்கு ஐரோப்பிய நவீன ஓவியத்தின் பாதிப்பு இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த அந்தத் தலைமுறையில் யாருக்கு இல்லை? பிறரைப் பார்ப்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கையில் ஒரு பொருள் இருந்து, அதன் சிக்கல் தலைக்குள் இருந்தால், பார்க்கிற எதுவும் உதவும். வெறுங்கையோடு பார்ப்பவனுக்கு எல்லாமே திருட்டுப் பொருளாகிவிடுகிறது.

சேவை மையத்தின் ஓவியருக்குக் கிடைத்ததும் என் நண்பருக்குக் கிடைக்காததும் ஒன்றே: நேரம். சென்னையிலிருந்து புறநகர் ரயிலில் எண்ணூர், மீஞ்சூர், கவரைப்பேட்டை என்று கடந்து போகவர மூன்று மணிநேரம். ஒரு நாளைக்கு எட்டுப் பெட்டிக்கு வேலை முடிக்கவேண்டும். அன்று கீழே போய் நின்ற ஒருநாளைக்கு அவர் விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஐந்நூறு பெட்டி வீணானபோது விசாரணை வைத்தவர்களுக்கு, அதைத் தடுக்கும் ஒருநாளைக் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை. இப்படிப்பட்ட நிர்வாகங்கள்தான் சுவரில் 'புதிதாகச் சிந்தி' என்று எழுதி மாட்டுகின்றன.

ஆலை முதலாளிகளைத் திட்டுவது நமக்கு எளிது. இலக்கியக்காரர்களாகிய நாம் என்ன செய்கிறோம்? நம் நாவல்களின் அட்டைகளை ஒருமுறை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். மூடுபனியில் முதுகு காட்டி நிற்கும் பெண், ஒற்றை மரம், பழைய மரக்கதவு. எங்கோ யாரோ எடுத்த படம், மேலே கணினியில் முதலில் கிடைத்த எழுத்துரு. கடந்த சில ஆண்டுகளாகச் செயற்கை நுண்ணறிவிடம் இரண்டு வரி சொல்லி ஓவியம் வாங்கிக்கொள்கிறோம். அந்த ஓவியத்துக்குள் இருக்கும் கடைப்பலகையில் தமிழ் போலவே தோன்றும், ஆனால் எந்த மொழியும் அல்லாத சுழிகள் இருக்கும். அதையும் அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். ஒற்றுப்பிழைக்காக நண்பர்களோடு சண்டை பிடிக்கும் நாம் அட்டையில் எழுத்தே பொய்யாக இருப்பதைக் கண்டுகொள்வதில்லை. வடிவமைத்தவரின் பெயரைச் சில பதிப்பகங்கள் போடுகின்றன, பல போடுவதில்லை. அவருக்கு நாவலைப் படிக்கக் கொடுப்பவர்கள் அதைவிடக் குறைவு. பின்னட்டை வாசகத்தை அனுப்பி, நாளைக்குள் மூன்று மாதிரி வேண்டும் என்பார்கள். பல்பொடிக்காரராவது தன் பொடியை ஒரு டப்பா கொடுத்தனுப்பினார்.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. என் முதல் தொகுப்பின் அட்டைக்கு ஓவியரிடம் நானே ஒரு பிரெஞ்சு நூலின் அட்டையைக் காட்டி "இதுபோல" என்றேன். அவர் செய்து தந்தார். இன்றும் அந்தப் புத்தகத்தைக் கண்டால் திருப்பிக் கவிழ்த்துவைக்கிறேன்.

நண்பருக்குப் போன வாரம் ஒரு பதிப்பகத்திலிருந்து அட்டை வேலை வந்திருக்கிறது, நானூறு பக்க நாவல். பிரதியை அனுப்பினால் ரயிலில் படித்துவிடுவேன், போகவர மூன்று மணிநேரம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். கதைச்சுருக்கம் போதுமே, கூடவே நாலு மாதிரிப் படமும் அனுப்புகிறோம் என்றார்களாம். படங்கள் வந்துவிட்டன. அவர் இன்னும் நாவலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.