வெயில் ஊரிலும் இரும்பு உடையும்

குளிரில் இரும்பு நொறுங்கும் என்று சொன்னால் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மாணவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சித்திரையில் 40 டிகிரியைத் தொடுகிற வறண்ட காட்டில் குளிருக்கு எங்கே போவது? பாடத்திலும் டைட்டானிக்கைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஏதோ பனி தேசத்துச் சமாச்சாரம் என்ற எண்ணம் மனதில் தங்கிவிடுகிறது. இந்த எண்ணம் தவறு. கொஞ்சம் ஆபத்தானதும்கூட.

அந்த டைட்டானிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1912-ல் அது மூழ்கிய இடத்தில் கடல்நீர் சுமார் மைனஸ் 2 டிகிரி. 1990-களில் அதன் தகட்டை எடுத்துவந்து அடித்துச் சோதித்தார்கள். வளையும் குணம் போய் நொறுங்கும் குணம் வருகிற வெப்பநிலை, தகட்டின் நீளவாக்கில் சுமார் 32 டிகிரி! இன்றைய சாதாரணக் கட்டுமான எஃகுக்கு அது மைனஸ் 27. அதாவது அந்தத் தகடு அருப்புக்கோட்டையில் கிடந்திருந்தாலும், மார்கழி விடியலில் பலமாக ஓர் அடி விழுந்தால் உடையும் நிலையில்தான் இருந்திருக்கும். கந்தகமும் பாஸ்பரசும் அதிகம், மாங்கனீசு குறைவு. (கப்பல் மூழ்க இது எவ்வளவு காரணம் என்பது வேறு விவாதம்.)

உள்ளே என்னதான் நடக்கிறது? இரும்பு வளையும்போது அதன் அணு அடுக்குகளில் உள்ள பிசகுகள் நகர்கின்றன. சாதாரண இரும்பின் அணு அமைப்பில் அந்த நகர்வுக்கு வெப்பத்தின் உதவி வேண்டும். வெப்பம் குறையக் குறைய நகர்வது கஷ்டமாகி, ஒரு கட்டத்தில் பிளந்துகொள்வதே சுலபமாகிவிடும். அடி வேகமாக விழுந்தாலும், ஓரத்தில் கீறல் இருந்தாலும் இதே கதைதான். செம்பு, அலுமினியம், நிக்கல் கலந்த எவர்சில்வர் இவற்றின் அமைப்பு வேறு. அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சரி, குளிரே வேண்டாம். சீமைக்கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிற இந்தச் சீமையில் கோடாரியின் வாய் தெறிப்பது யாருக்கும் புதிதல்ல. லாரிப் பட்டையை உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் முக்கித் தோய்ச்சல் கொடுத்தால் கடினமாகும். ஆனால் அதோடு விட்டால் கண்ணாடி மாதிரிதான். தெறிக்கும் சில்லு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதனால்தான் விவரமான கொல்லர் வாயை மட்டும் முக்கி எடுத்து, உடம்பில் மிச்சமிருக்கும் சூடு வாய்க்கு ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். வைக்கோல் மஞ்சள் வந்தால் ஏறத்தாழ 220 டிகிரி, நீலம் வந்தால் 300. எந்த நிறத்தில் மறுபடி முக்குவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கடினத்தில் கொஞ்சம் போகும், அடி தாங்கும் குணம் வரும். வெப்பமானி இல்லாமல் செய்கிற உலோகவியல் இது!

இதைப் பாலிடெக்னிக் மாணவனுக்குக் கப்பல் படத்தை வைத்து நடத்துவது வேடிக்கை. பழைய லாரிப் பட்டையில் மூன்று துண்டு போதும். மூன்றையும் பழுக்கக் காய்ச்சி, ஒன்றைச் சாம்பலுக்குள் மெதுவாக ஆறவிடட்டும். ஒன்றைத் தண்ணீரில் முக்கி எடுக்கட்டும். ஒன்றை முக்கியபின் நீலம் வரும்வரை மறுபடி சூடாக்கட்டும். ஆறியதும் வைஸில் பிடித்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, சுத்தியலால் அடித்துப் பார்க்கட்டும்.