நற்பெயருக்கு என்ன விலை?

எங்கள் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் 'நற்பெயர்' என்று ஒரு சமாச்சாரம் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத சொத்தாம்! சராசரி இலாப முறை, உயர் இலாப முறை, மூலதனமாக்க முறை என்று அதற்கு விலை போடவும் சொல்லித் தருகிறார்கள். கணக்கு எனக்கு நன்றாகவே வருகிறது. ஆனால் அந்தச் சொத்து ஒரு கடைக்கு எப்படி வந்து சேருகிறது? தோழர், தோழியரே, அதைத் தெருவில்தான் பார்க்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு கடை. கூல்டிரிங்ஸ் பாட்டிலில் அச்சடித்த விலை 20 ரூபாய், கேட்பது 22. ஏண்ணே என்றால் "கூலிங் சார்ஜ்மா" என்பார். அச்சடித்த விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டமுறை எடையளவு விதிகள் (2011) சொல்கின்றன. ரெண்டு ரூபாய்க்கு யார் சண்டை போடுவது என்று கொடுத்துவிடுகிறோம். ஆனா மனசு மறக்குமா? வேறு கடை தெரிந்தால் கால் தானாக அங்கே போகும்.

எங்கள் தெரு மளிகைக்கடைத் தாத்தா வேறு மாதிரி. கத்தரிக்காய் கேட்டால், "இன்னிக்கு வந்ததெல்லாம் சொத்தையா இருக்கும்மா, நாளைக்கு வாங்கிக்கோ" என்பார். காசோடு வந்த ஆளைத் திருப்பி அனுப்புகிறார்! உடைத்த தேங்காய் அழுகலா? இரண்டு மூடியையும் கொண்டுபோனால் பேசாமல் வேறு காய் எடுத்துத் தருவார். கறிவேப்பிலை கொசுறு எப்போதும் உண்டு.

2020 மார்ச்சில், கொரோனா வந்தபோது, மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது, 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. போட வேண்டி வந்ததே, அதைச் சொல்லுங்கள்! அப்போது நான் ஆறாவது. தாத்தா பருப்பு விலையைக்கூட ஏற்றவில்லை, கடனுக்கும் கொடுத்தார். அப்போது பழகிய குடும்பங்கள் இன்றும் அங்கேதான் வாங்குகின்றன.

இப்போது எதிரில் சூப்பர் மார்க்கெட் வரப்போகிறது. திறப்பு விழாவுக்குக் குலுக்கல் பரிசாம். அங்கே விலை குறையலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் பரிசுக்காக வரும் கூட்டம், அடுத்த பரிசு எங்கேயோ அங்கே போய்விடும் என்பது என் கருத்து.

"நானும் ஏதாச்சும் கிஃப்ட் கொடுக்கணுமோ?" என்று தாத்தா கவலையாகக் கேட்டார்.

"அழுகல் தேங்காய் மாற்றித் தரப்படும்னு ஒரு போர்டு எழுதி வைங்க தாத்தா, நானே எழுதித் தர்றேன்" என்றேன். அட்டை வாங்கியாச்சு.

– 12-ஆம் வகுப்பு மாணவி, வணிகவியல் பிரிவு