போத்தலில் வேண்டாம், பின்வளவில் வளரட்டும்

என் கணவருக்குச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்த பின் வந்த முதலாவது பனிக்காலம். அவருக்குத் தடிமன் பிடித்துவிடுமோ என்ற அச்சத்தில், மருந்தகத்தில் எக்கினேசியா மாத்திரைப் போத்தல் ஒன்றைக் கையில் எடுத்தேன். மூலிகைதானே, என்ன தீங்கு செய்யப்போகிறது என்று எண்ணினேன். மருந்தாளர் தடுத்தார். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருப்பதற்காக நோயெதிர்ப்பு ஆற்றலை மருந்துகளால் அடக்கி வைத்திருக்கிறார்கள். எக்கினேசியா அந்த ஆற்றலைத் தூண்டி, மருந்துகளுக்கு எதிராக வேலை செய்யக்கூடும் என்றார். தடிமனைத் தடுப்பதில் அதன் பயனும் ஆய்வுகளில் உறுதிப்படவில்லை.

போத்தலை வைத்துவிட்டு வந்தேன். செடியை விடவில்லை. அடுத்த இளவேனிலில் எங்கள் பின்வளவில் அதன் விதைகளை ஊன்றினேன்.

நாற்றுக்கடைகளில் கோன்பிளவர் என்று விற்கப்படும் இச்செடி, வட அமெரிக்கப் புல்வெளிகளுக்குரியது; பல ஆண்டுகள் வாழ்வது. நாளொன்றுக்கு 6 மணி நேர வெயிலும் நீர் தேங்காத மண்ணும் இருந்தால் போதும். முதலாம் ஆண்டில் இலைகள் மட்டுமே வந்தன. இரண்டாம் ஆண்டில் 3 அடி உயரத்தில் பூத்தது: ஊதா கலந்த இளஞ்சிவப்பு இதழ்கள், நடுவே முட்கள் சிலிர்த்த செம்மஞ்சட் கூம்பு. தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வந்தன. இலையுதிர்காலத்தில் காய்ந்த தண்டுகளை வெட்டாது விட்டோம். விதைகளைக் கொத்தக் குருவிகள் வந்தன. பனியில் செடி முற்றாக மடிந்ததுபோலத் தோன்றினாலும், வேர் உயிரோடிருந்து மீண்டும் துளிர்த்தது.

நோயாளியைப் பராமரிப்பவர்களுக்கு, எதையாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு ஓயாது. அன்று என் கையைப் போத்தலை நோக்கி நீட்டச் செய்தது அதுவே. அத்தவிப்பு குற்றமன்று; ஆனால் அது போய்ச் சேரும் இடம் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும். தோட்டம் அத்தகைய இடம் என்பது என் கருத்து.

அங்கும் கவனம் வேண்டும். மண்ணிலுள்ள பூஞ்சணங்களும் கிருமிகளும் நோயெதிர்ப்புக் குறைந்தோரைத் தாக்கக்கூடும். மண்ணைத் தொடுமுன் அவர்கள் தமது மருத்துவக் குழுவிடம் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் மண்ணைக் கிளறுவது நான். கதிரையில் அமர்ந்து பூக்களை எண்ணுவது அவர்.

ஒரு வேண்டுகோள்: வீட்டில் மூலிகை மாத்திரையோ கசாயமோ எதுவாயினும், கொடுக்குமுன் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. நான் அன்று கேட்கவில்லை. என் கையிலிருந்ததை மருந்தாளர் தற்செயலாகக் கண்டார், அவ்வளவுதான்.